வல்லூறு வராத ஆட்டம்

"சுமையாளை ரெண்டு முத்து ஆக்கிரு, ராதிகா" என்று ராஜிக் சொன்னபோது அவன் வாய் நிறையக் குரோசான்ட் இருந்தது. ஒரு கார்டைக் கொல்லச் சொல்கிறவன் வாயைத் துடைத்துக்கொண்டாவது சொல்லலாம்.

"எதுக்கு?"

"கம்ப்ளெயின்ட் மேல கம்ப்ளெயின்ட். வல்லூறு வச்சிருக்கிறவன் எல்லாம் சுமையாள்கிட்ட தோத்துட்டே இருக்கான். காசு குடுத்து வாங்கின கார்டு ஓசிக் கார்டுகிட்ட அடி வாங்கினா, எவன் மறுபடி வாங்குவான்?"

"அவனுக்கு ஆடத் தெரியலன்னா என் கார்டு என்ன பண்ணும்?"

"உன் கார்டுன்னு ஒண்ணும் கிடையாது. கம்பெனி கார்டு."

ராஜிக் எங்கள் தலைமை வடிவமைப்பாளன். பூர்வீகம் கீழக்கரை, பிறந்து வளர்ந்தது துபாய் டேரா. பேச்சில் பாதி ஆங்கிலம். மனசு நொந்தால் மட்டும் தமிழ் முழுசாக வரும். நேரில் நான் 'ங்க' போட்டுத்தான் பேசுவேன். எழுதும்போது 'அவன்'தான். இதை எழுதுவதற்குச் சம்பளம் தருவது அவன் இல்லை.

நாங்கள் செய்வது போனில் ஆடும் கார்டு விளையாட்டு. பெயர் முத்துக்கரை. ஊரில் அம்மா, நான் பேங்கில் வேலை பார்ப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாள். மகள் துபாயில் சீட்டுக்கட்டுக் கம்பெனியில் இருக்கிறாள் என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் ஓடிவிடுவார்களாம். ஓடட்டும்.

ஆட்டம் எளிது. இரண்டு பேர், ஆளுக்கு ஒரு படகு, ஆளுக்கு அவரவரே பொறுக்கிச் சேர்த்த ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு; அதிலிருந்து எது எப்போது கைக்கு வரும் என்பது அதிர்ஷ்டம். எதிராளியின் படகை முதலில் மூழ்கடிப்பவர் ஜெயித்தார். முதல் சுற்றில் கையில் ஒரு முத்து, இரண்டாவதில் இரண்டு, இப்படி ஏறிக்கொண்டே போகும். அந்த முத்துக்களைக் கொடுத்துத்தான் கார்டுகளைக் களத்தில் இறக்க வேண்டும். மலிவான கார்டு சீக்கிரம் வரும், லேசாக அடிக்கும். விலை கூடிய கார்டு தாமதமாக வரும், பலமாக அடிக்கும். எந்தக் கார்டும் மற்ற எல்லாவற்றையும் அடித்துத் துவைக்காமலும், எந்தக் கார்டும் குப்பையாகக் கிடக்காமலும் பார்த்துக்கொள்வது என் வேலை. அதற்குத்தான் புள்ளியியல் படித்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் போன முதல் ஆள் நான். விடுதிச் சமையலறைக்கு அரிசி மூட்டை இறக்க அப்பா உள்ளே போய்வந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றால்.

சுமையாள் நான் செய்த ஒரே கார்டு. விலை ஒரு முத்து. தனியாக நின்றால் பலம் ஒன்று. பக்கத்தில் இன்னொரு சுமையாள் வந்தால் ஆளுக்கு இரண்டு, மூன்றாவது ஆள் வந்தால் ஆளுக்கு மூன்று. களத்தில் ஐந்து இடம்தான், ஐந்து பேரும் சேர்ந்துவிட்டால் எதிராளிக்குச் சங்கு. நடுவில் ஒருத்தன் விழுந்தால் எல்லாரும் சேர்ந்து இளைப்பார்கள். ஆட்டத்தில் சேருகிற எவனுக்கும் இந்தக் கார்டு இலவசம், எத்தனை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். படத்தில் மூட்டையோடு குனிந்திருக்கும் முதுகு என் அப்பாவுடையது. பாசம் எல்லாம் இல்லை. ஓவியன் மாதிரிக்கு ஒரு போட்டோ கேட்டான், என் போனில் அதுதான் இருந்தது. அப்பா பார்த்துவிட்டு, "மொகத்தப் போடலையா?" என்றார். "முதுகுதான்பா நல்லாருக்கு" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை.

ராஜிக்கின் கார்டு வல்லூறு. விலை ஏழு முத்து. காசு கொடுத்து வாங்குகிற தங்கப் பொட்டலத்தில் மட்டும், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால், கிடைக்கும். அது இறங்கினால் திரையே பொன்னிறமாகி ஒரு கிரீச்சல் கேட்கும். விளம்பரத்தில் வல்லூறு, டீ ஷர்ட்டில் வல்லூறு, ராஜிக்கின் காபிக் கோப்பையிலும் வல்லூறு. சுற்றுக்கு ஓர் எதிரிக் கார்டைக் கொத்தித் தின்னும். ஆனால் இறங்கிய சுற்றில் சும்மா நிற்கும், அடுத்த சுற்றிலிருந்துதான் கொத்தும். சிறகை மடக்கிக்கொள்ள நேரம் வேண்டாமா என்பான் ராஜிக்.

இரண்டு முத்து ஆக்கினால் சுமையாள் செத்தான். முதல் சுற்றில் இறங்கவே முடியாது. ஒருத்தன் பக்கத்தில் ஒருத்தன் வந்து சேர்வதற்குள் படகு கவிழ்ந்திருக்கும்.

"மொத்தத்துல சுமையாள் பாதிக்குக் கொஞ்சம் மேலதான் ஜெயிக்குது" என்றேன். "நியாயமான கார்டு. வல்லூறு வச்சிருக்கவங்ககிட்ட மட்டும்தான் பத்துக்கு ஏழு ஜெயிக்குது. ஏன்னா அந்த மவராசனுங்க டெக்ல அலை வைக்கிறதில்ல. ஒரு அலை கார்டு போட்டா சின்னக் கார்டு எல்லாத்தையும் அடிச்சிட்டுப் போயிரும்."

"அலை காமன் கார்டு, எல்லார்கிட்டயும் இருக்கும். தங்கப் பொட்டலம் வாங்கறவன் எதுக்குக் காமன் கார்டு வைக்கணும்?"

"ஜெயிக்கிறதுக்கு."

"ராதிகா, ப்ளீஸ். லிஸ்ட்ல முதல் இடத்துல யார் இருக்கான்னு பாரு. பூராவும் சுமையாள் வச்சு ஆடற ஒரு அக்கவுன்ட். காலைல ஆடுது, மத்தியானம் ஆடுது, ராத்திரியும் ஆடுது. தூங்கறதே இல்ல. ஒரு பைசா செலவழிச்சதில்ல. இட்ஸ் எ பாட். மெஷின் வச்சு ஆடறானுங்க. அந்த அக்கவுன்ட்டத் தூக்கிட்டு, சுமையாளை ரெண்டாக்கிட்டா மேட்டர் கலாஸ்."

பட்டியலைப் பார்த்தேன். முதல் இடத்தில் இருந்த அக்கவுன்ட்டின் பெயர் தமிழில் இருந்தது: பூவாயி துணை.

மெஷின் வைத்து ஆடுகிறவன் லாரிக்குப் பின்னால் எழுதுகிற மாதிரி பெயர் வைக்க மாட்டான். அன்று மதியமே என் சொந்த அக்கவுன்ட்டில் போய் அவனோடு மோதினேன், தோற்றேன். தோற்றபின் அரட்டைப் பெட்டியில் 'எந்த ஊர்?' என்று தட்டினேன்.

'தொறையூர் பக்கம். இப்ப சோனாப்பூர் கேம்ப். நீ சாப்டியா?' என்று வந்தது.

பாட் சாப்டியா என்று கேட்காது.

மறுநாள் காலையில் அதே அக்கவுன்ட் பயந்து பயந்து ஆடியது. மாலையில் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது. ஒருநாள், ஆட்டத்தின் நடுவிலேயே ஆள் மாறிவிட்டது போலத் தெரிந்தது. 'இப்ப யாரு?' என்று கேட்டேன். 'சரவணகுமார். ரெங்கராஜ் அண்ணன் டூட்டி பஸ்ஸுக்கு ஓடிட்டாரு. போன் என் கைல.' கொஞ்ச நேரம் கழித்து அவனே, 'நீங்க பொண்ணா? கல்யாணம் ஆயிடுச்சா?' என்றான். தடை செய்யலாமா என்று யோசித்தேன். வேலைக்கு வேண்டும் என்பதால் விட்டேன்.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் ஒரு ரூமில் எட்டுப் பேர். பகல் ஷிப்ட் நாலு, ராத்திரி ஷிப்ட் நாலு. ஒருத்தன் எழுந்த கட்டிலில் இன்னொருத்தன் படுக்கிற மாதிரி, ஒருத்தன் விட்ட ஆட்டத்தை இன்னொருத்தன் எடுத்துக்கொள்கிறான். ரெங்கராஜின் போனில்தான் இடம் காலியாக இருந்ததாம், அதனால் அக்கவுன்ட்டுக்கு அவர் அம்மா பெயர். சுமையாள் டெக்கை அவர்கள் பிடித்துக்கொண்ட காரணமும் இதுதான். வல்லூறு மாதிரிப் பெரிய கார்டுக்கு ஆறு சுற்று முன்பிருந்தே திட்டம் போட வேண்டும். திட்டம் போட்டவன் பஸ் ஏறிவிட்டால் அடுத்தவனுக்கு ஒன்றும் விளங்காது. சுமையாளுக்குத் திட்டமே வேண்டாம். யார் கைக்குப் போன் வந்தாலும், இருப்பதைப் பார்த்து இன்னொருத்தனை இறக்கினால் போதும்.

நான் கார்டு செய்தபோது இதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றிய மாதிரி ராஜிக்கிடம் பேசினேன்.

"மனுஷங்கதான். எட்டுப் பேரு."

"ஒரு அக்கவுன்ட்ல எட்டுப் பேரா? அதுவும் ரூல் பிரேக்தான்."

"அதப் பொறவு பாக்கலாம். ஜெயிக்கிறது கார்டா, ஆளா? அதச் சொல்லுங்க."

"கார்டு."

"அப்ப யார் கையில இருந்தாலும் ஜெயிக்கணும், இல்லையா? உங்க கையில இருந்தாக்கூட."

பக்கத்து மேசையில் ஒருத்தி இருமினாள். ராஜிக் ஆட்டத்தில் எவ்வளவு மட்டம் என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். சமையல்காரனே சாப்பிடாத ஓட்டல் மாதிரி.

"கூட்டிட்டு வா அவங்கள" என்றான். "நான் சுமையாள் டெக். அவங்க என் வல்லூறு டெக். மூணு ஆட்டம். நான் ஜெயிச்சா அது கார்டோட பவர். சுமையாள் ரெண்டு முத்து, நீயே உன் கையால டைப் பண்ணணும். அவங்க ஜெயிச்சா ஒண்ணாவே இருக்கட்டும், நான் வாயத் திறக்கல."

மூன்று ஆட்டத்தை வைத்து ஒரு கார்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. முதல் வருடப் பாடத்திலேயே அது இருக்கிறது. தெரிந்தும், "சரி" என்றேன். அவன் முகத்தைப் பார்த்தால் யாரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு ஓவர்டைம். ரெங்கராஜுக்கு நாற்பதுக்கு மேல் இருக்கும், தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு வந்திருந்தார். சரவணகுமார் அரட்டைப் பெட்டியில் பேசிய அளவுக்கு நேரில் பேசவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவது ஆள் மணிமாறன், பயந்து பயந்து ஆடும் காலை ஆட்டக்காரன். மூன்று பேரும் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார்கள்.

நான் கீழே போவதற்குள் வாசல் செக்யூரிட்டி அவர்களைப் பார்த்து, "ஏசி மெயின்டனன்ஸ்? பீச்சே ஜாவோ, பாய், சர்வீஸ் லிஃப்ட்" என்று கட்டடத்தின் பின்பக்கம் கை காட்டிக்கொண்டிருந்தான்.

"கெஸ்ட்! என்னோட கெஸ்ட்!" என்று கத்தினேன். லாபியில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"எதுக்கு பாப்பா கத்துற?" என்றார் ரெங்கராஜ். "அந்த லிஃப்ட்டே நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு ஜீப்ப ஏத்தலாம்."

"நீங்க மெயின் லிஃப்ட்லதான் வரணும்."

"வரோம், வரோம். கோவிச்சுக்காத."

மெயின் லிஃப்டில் கண்ணாடியைப் பார்த்து மூன்று பேரும் தலைவாரிக்கொண்டார்கள்.

மேலே ராஜிக் பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டுவிட்டுத் தயாராக இருந்தான். "இவங்கள்ல யாரு பூவாயி?" என்று கேட்டான்.

"எங்கம்மா" என்றார் ரெங்கராஜ்.

"இல்ல, அக்கவுன்ட் யாரோடது?"

"எல்லாரோடதும்தான்."

ராஜிக் என்னைப் பார்த்தான். "மொதல்ல ஆடுங்க" என்றேன்.

அவன் தன் போனை, தங்கக் கார்டுகள் நிறைந்த வல்லூறு டெக்கைத் திறந்து, அவர்களிடம் நீட்டினான். அதை ரெங்கராஜ் வாங்கிய விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். கையைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளும் எதிரே நின்ற பறவையை இப்போதுதான் முதல்முறையாகக் கையில் வைத்துப் பார்க்கிறார்கள்.

முதல் ஆட்டம். முதல் கையிலேயே வல்லூறு வந்துவிட்டது. "வந்துருச்சுடா! வந்துருச்சு!" என்று சரவணகுமாருக்கு வாய் திரும்பியது. ஏழாவது சுற்றுவரை அதை என்ன செய்ய முடியும்? கையில் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது. எதிரே ராஜிக் ஒவ்வொரு சுற்றிலும் சுமையாளை இறக்கினான். யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தெரிந்தால்தானே.

கேம்ப் வழக்கப்படி அவர்கள் சுற்றுக்கு ஒருத்தராகப் போனைக் கைமாற்றினார்கள். ஏழாவது சுற்று மணிமாறன் முறை.

"எறக்குடா."

"நீங்களே எறக்குங்கண்ணே. எனக்குக் கை நடுங்குது."

"ச்சீ, கொண்டா."

ரெங்கராஜ் வல்லூறை இறக்கினார். திரை பொன்னிறமானது. கிரீச் என்ற சத்தம் அறையெல்லாம் எதிரொலித்தது. சரவணகுமார் தன் போனில் வீடியோ எடுத்தான். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

"கொத்தலையே?"

"அடுத்த ரவுண்டுலதான் கொத்தும்" என்றான் ராஜிக்.

"அதுவரைக்கும்?"

"நிக்கும்."

"சும்மா நிக்கறதுக்கா ஏழு முத்து?"

பதில் சொல்வதற்குப் பதிலாக ராஜிக் ஐந்து சுமையாள்களையும் ஏவினான். படகு மூழ்கியது. வல்லூறு மூழ்குகிற படகின் மேல் கம்பீரமாக நின்றது. பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்து, பாயசம் தீர்ந்துபோச்சு என்று கேட்டவன் முகம் மாதிரி இருந்தது மூன்று முகங்களும்.

இரண்டாவது ஆட்டத்தில் வல்லூறு வரவே இல்லை. கட்டின் அடியில் எங்கேயோ மாட்டிக்கொண்டது. மற்றத் தங்கக் கார்டுகளை வைத்து அடித்தார்கள். சுமையாள்களில் ஒருத்தன் விழ, மற்றவர்கள் இளைக்க, ராஜிக்கின் படகு கவிழ்ந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அவர்களோ உம்மென்று இருந்தார்கள்.

"ஜெயிச்சிட்டீங்க!" என்றேன்.

"கழுகே வரல. இதெல்லாம் ஒரு ஜெயிப்பா?" என்றான் மணிமாறன்.

மூன்றாவது ஆட்டம் கடைசிவரை இழுத்தது. ஏழாவது சுற்றில் அவர்கள் கையில் வல்லூறும் இருந்தது, மூன்று முத்து, நாலு முத்து விலையில் இரண்டு நல்ல கார்டுகளும் இருந்தன. எனக்குத் தொண்டை வரைக்கும் வந்தது, அந்த இரண்டையும் போடுங்க என்று. ராஜிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் வல்லூறை இறக்கினார்கள். கிரீச். சும்மா நின்றது. படகு போனது.

"டூ ஒன்!" ராஜிக் கையைத் தட்டினான். "நான்கூட ஜெயிக்கிறேன்னா அது கார்டுதான். கலாஸ். லேப்டாப் திற, ராதிகா."

அப்பாவின் முதுகு திரையில் ஐந்து இடங்களில் குனிந்துகொண்டிருந்தது. லேப்டாப்பைத் திறந்தேன். கார்டின் பக்கத்துக்குப் போனேன். விலை: 1. அதன்மேல் சுட்டியை வைத்தேன். வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், அழித்துவிட்டு இரண்டு என்று அடிக்க வேண்டும். பின்னால் அவர்களுக்குள் சண்டை தொடங்கிவிட்டது.

"நீ நடுங்கிக்கிட்டே ஆடுனா எவன் ஜெயிப்பான்?"

"ரெண்டாவது ஆட்டத்துல நடுங்கலையே. அதுல ஜெயிச்சமே."

"அதுல கழுகே வரலையேடா, வெண்ண."

என் விரல் நின்றது.

கழுகு வந்த இரண்டு ஆட்டத்திலும் தோல்வி. வராத ஆட்டத்தில் வெற்றி. மூன்று ஆட்டம் ஒன்றையும் நிரூபிக்காது. ஆனால் என்னிடம் லட்சக்கணக்கான ஆட்டங்கள் இருந்தன.

சுமையாளின் பக்கத்தை மூடிவிட்டு வேறு கேள்வி தட்டினேன். வல்லூறு வைத்திருக்கிற டெக்குகள். அது களத்தில் இறங்கிய ஆட்டங்கள் ஒரு பக்கம், கைக்கே வராத ஆட்டங்கள் இன்னொரு பக்கம். சீக்கிரம் முடிந்தவற்றைக் கழித்துவிட்டேன், ஒப்பிடுவது நியாயமாக இருக்கட்டும் என்று. எதிரே சுமையாள் இருந்த ஆட்டங்களையும் கழித்தேன்.

வல்லூறு வராவிட்டால் அந்த டெக் பத்துக்கு ஆறு ஜெயித்தது. வந்தால் நாலு. யார்கிட்ட ஆடினாலும்.

தங்கப் பொட்டலம் வாங்கியவர்கள் ஜெயித்ததெல்லாம் மற்ற கார்டுகளால். அந்தப் பறவை அவர்களுக்குப் பாரம். இத்தனை மாதமாக இந்தக் கேள்வியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. விலை கூடிய பொருள் பலமாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பியிருக்கிறேன். அதைத் திட்டுவதற்காகவாவது நம்பியிருக்கிறேன். தோற்றவனை எல்லாம் பணக்கார முட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில், அவன் கையில் என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லை. கடுப்பு என்மேலேயே திரும்பியது. அது எனக்குப் பழக்கமில்லாத திசை.

"டைப் பண்ணிட்டியா?" என்றான் ராஜிக்.

"உங்க பறவை நோஞ்சான், ராஜிக்."

"வாட்?"

"நோஞ்சான். சீக்கு. இங்க வந்து பாருங்க."

பார்த்தான். "இது சுமையாளாலதான்."

"சுமையாள் இருந்த ஆட்டத்த எல்லாம் எடுத்துட்டேன்."

"எப்ப எடுத்த இந்த நம்பர?"

"இப்பத்தான். பொய்யின்னா நீங்களே தட்டிப் பாருங்க."

என்னைத் தள்ளி உட்காரவைத்துவிட்டு அவனே தட்டினான். வேறு மாதம். வேறு நாடு. குவைத், ஓமன், பஹ்ரைன். புதிதாகச் சேர்ந்தவர்கள், பழையவர்கள். எங்கே தட்டினாலும் அதே கதைதான் வந்தது. கடைசியில் கையை எடுத்துவிட்டான். பின்னால் மூன்று பேரும் சண்டையை நிறுத்திவிட்டு எங்களை வேடிக்கை பார்த்தார்கள்.

"மொத மொதல்ல நான் வரைஞ்ச கார்டு இது" என்றான் ராஜிக். தமிழ் முழுசாக வந்தது. "வாப்பாகிட்டத்தான் மொதல்ல காட்டுனேன். கடைக்குத் துணி வாங்க வர்றவுகளுக்கெல்லாம் இன்னும் காட்டிக்கிட்டு இருக்காக. எம்புள்ள செஞ்ச பறவைன்னு."

"எங்கப்பா முதுகக் காட்டுனதுக்கு ரெண்டு நாள் பேசல. உங்க வாப்பா எவ்வளவோ பரவால்ல."

அவன் சிரிக்கவில்லை. ரெங்கராஜ்தான் சிரித்தார். "தம்பி, நான் ஒண்ணு சொல்லவா? பார்க்க ஜோராத்தான் இருக்கு. ஆனா அது கழுகு இல்ல. பிராய்லர்."

"அண்ணே, கொஞ்சம் சும்மா இருங்க" என்றேன். ராஜிக்கைப் பார்த்தேன். "பந்தயத்துல நான் தோத்துட்டேன். இல்லன்னு சொல்லல. ஆனா நோய் ஒரு எடத்துல, ஊசி ஒரு எடத்துலயா? மொதல்ல உங்க பறவையச் சரி பண்ணுவோம். எறங்கின சுத்துலயே கொத்தட்டும். அப்புறமும் சுமையாள் அடிச்சுத் துவைச்சா, நானே ரெண்டாக்கறேன். கேள்வி கேக்க மாட்டேன்."

"இறங்கினதும் கொத்தணுமா?" அவன் திரையில் நின்ற பறவையைப் பார்த்தான். "ரொம்ப பவர் ஆயிடாதா?"

"ஏழு முத்து வாங்குதில்ல? வேலை பாக்கட்டும்."

சுமையாளைக் காப்பாற்ற வேண்டும் என்று அவன் ஒத்துக்கொள்ளவில்லை. பறவை கொத்துவதைப் பார்க்க ஆசைப்பட்டு ஒத்துக்கொண்டான். எனக்கு அது போதும்.

வரி ஒன்றுதான். நான்தான் தட்டினேன். தங்கப் பொட்டலம் வாங்குகிற மவராசன்களின் பறவைக்கு என் கையால் அலகு தீட்டிக்கொடுத்தேன். இதற்காகவா கல்லூரி பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன் என்று கேட்டால், தெரியாது.

போகிற நேரத்தில் ராஜிக் தொண்டையைக் கனைத்தான். "இன்னொன்னு. ஒரு அக்கவுன்ட், ஒரு ஆள். அது ரூல். அதுல நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"ஒரு கட்டில்லயே ரெண்டு பேரு மாத்தி மாத்திப் படுக்கறோம், சார்" என்றார் ரெங்கராஜ்.

"கட்டில் என் டிபார்ட்மென்ட் இல்ல."

"அப்ப பூவாயி துணை யாருக்கு?" என்றான் சரவணகுமார்.

"யாருக்கா? எங்கம்மாடா அது!"

மெயின் லிஃப்ட் கீழே இறங்குகிறவரை அந்தச் சண்டை கேட்டது. கீழே ஒரு கடையில் பரோட்டா வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

புது வல்லூறு வெளியானது. ராஜிக் என் பக்கம் வரவே இல்லை, நானும் அவன் பக்கம் போகவில்லை. ஒரு வாரத்துக் கணக்கு சேரட்டும் என்று காத்திருந்தேன். மூன்று ஆட்டத்தில் முடிவு கட்டுகிற வேலை இனி கிடையாது. கணக்கு வந்தபோது சுமையாளும் வல்லூறும் ஏறக்குறையச் சரிக்குச் சரி. ஒரு நாள் இது, ஒரு நாள் அது. சத்தம் போட்டவர்கள் அடங்கிவிட்டார்கள். அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. ராஜிக்கிடமிருந்து ஒரு வரி வந்தது: 'ஒண்ணே இருக்கட்டும்.' மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று பயந்திருப்பேன்.

பூவாயி துணை முதல் இடத்திலிருந்து சரிந்து, இரண்டாம் பக்கத்துக்குப் போய், அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ரெங்கராஜ் தனியாக ஆடுவதும் ஒரு காரணம். அரட்டைப் பெட்டியில் அவரே வந்தார்.

'கழுகு கொத்துது பாப்பா. எறங்குனதும் கொத்துது. எந்த நாயி இத மாத்துச்சு?'

'நான்தான். நீங்க நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?'

'அன்னைக்கு நீங்க பேசுனதுல எனக்கு என்ன வெளங்குச்சு? பரோட்டா வாங்கிக் குடுத்தப்பவே நெனச்சேன், இதுல என்னமோ இருக்குன்னு.'

'சுமையாள் ஒரு முத்துலயே இருக்கில்ல? அதப் பாருங்க.'

'அதான் விடாம ஆடறேன். மணிமாறன் கதை தெரியுமா உனக்கு?'

தெரியாது. அவர் தட்டத் தட்டத் தெரிந்துகொண்டேன். மற்ற ஏழு பேரும் ஆளுக்கொரு அக்கவுன்ட் தொடங்கியிருக்கிறார்கள். புதிதாகச் சேருகிறவர்களுக்கு வரவேற்பாக நாங்கள் இந்த மாதத்திலிருந்து ஒரு தங்கப் பொட்டலம் இலவசமாகத் தருகிறோம். ஆறு பேருக்குக் குப்பை வந்திருக்கிறது. மணிமாறனின் பொட்டலத்தில் வல்லூறு.

'மூணு நாளா கஃபீல் மாதிரி, விசா குடுத்த மொதலாளி மாதிரி நடக்குறான். நம்ம கார்ட வச்சு ஆடுனா சிரிக்கிறான். ரூம்ல எவனும் அவனுக்கு சார்ஜர் குடுக்குறதில்ல' என்று எழுதியிருந்தார்.

அன்று மாலையே மணிமாறனிடமிருந்து எனக்கு ஆட்ட அழைப்பு வந்தது. நான் சுமையாள் டெக்கை எடுத்துக்கொண்டு போனேன். பயந்து பயந்து ஆடுகிறவன் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் டெக்கில் அலை வைத்திருந்தான். தங்கப் பொட்டலம் வாங்குகிற ஒரு மவராசனுக்கும் தோன்றாதது, வல்லூறும் வேண்டும் அலையும் வேண்டும் என்பது, காலை ஆட்டக்காரன் மணிமாறனுக்குத் தோன்றியிருக்கிறது. நாலாவது சுற்றில் என் ஆட்கள் எல்லாரையும் அலை அடித்துக்கொண்டு போனது. மறுபடி ஒவ்வொருத்தராக இறக்கி மூன்று பேர் சேர்த்தேன். ஏழாவது சுற்றில் திரை பொன்னிறமானது. கிரீச். நான் அலகு தீட்டிக்கொடுத்த பறவை, இறங்கிய வேகத்திலேயே ஒருத்தனைக் கொத்தியது. மற்ற இருவரும் இளைத்தார்கள். என் படகு போயிற்று.

அவன் ஒட்டகம் சிரிக்கிற படம் ஒன்றை அனுப்பினான். அதன் கீழே: 'அக்கா இன்னொண்ணு?'

"உன் கழுகு வெளங்காமப் போக" என்று சத்தமாகவே சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். ராஜிக்கும்தான்.

இன்னொண்ணு என்ற பொத்தானை அழுத்தினேன். முதல் சுற்று, கையில் ஒரு முத்து. அப்பாவின் முதுகைக் களத்தில் இறக்கினேன்.